தொலோசாச் சந்தையும் என் உத்தியோகமும்

செப். 19, வியாழன்

காலையிலிருந்து மழை. வேலை அரை நாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிற முறை இன்று எனக்கு. கை விறைப்பு என்று சொல்லித் தப்பினேன். பொய் இல்லை. குளிர் தொடங்கினாலே வலது கையில் மூன்று விரலுக்கு உயிர் இல்லை.

நாளைக்குப் பயணம். மகள் அபி, அவள் கட்டப் போகிற மிக்கேல், நான். மிக்கேலின் தாய் தகப்பனைப் பார்க்க. ஸ்பெயின் என்று அங்கே சொல்லக் கூடாதாம், பாஸ்க் நாடு என்று சொல்ல வேண்டுமாம். அபி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். ஊர் பெயர் தொலோசா. சனிக்கிழமைச் சந்தைக்குப் பேர் போனது. சந்தை பார்க்க விமானம் ஏறுகிற காலம்.

இவர் வரவில்லை. "அப்பாவுக்கு லீவு கிடைக்காது எண்டு நினைச்சு அவருக்கு டிக்கெட் போடேல்லை" என்று அபி போன மாதமே சொன்னாள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நிலம் துடைக்கிற மெஷின் ஓட்டுகிறவர். லீவு கேட்டால் கொடுப்பார்கள். "ஓம், கஷ்டம்தான்" என்றார் இவர்.

பெட்டி: நீலச் சேலை (அபி வேண்டாம் என்றாள், வைத்துவிட்டேன்). காற்சட்டை 2. குளிர்ச் சட்டை. தைலம். பிறஷர் குளிசை. பயத்தம்பணியாரம் ஒரு டப்பா. மண்ணிறச் சீஸ், அபி வாங்கித் தந்தது. "பணியாரம் அவைக்கு விளங்காது அம்மா, சீஸைக் குடுங்கோ." நோர்வேக்காரி மாதிரி சீஸோடு போகிறேன்.

பின்னேரம் போன் எடுத்தாள்.

"அம்மா, அங்கை போய்ப் பழைய கதையள் ஒண்டும் கதைக்க வேண்டாம், என்ன?"

"எந்தப் பழைய கதை?"

"பொதுவாச் சொல்லுறன்."

ஊரில் நடந்த போர்க் கதையைச் சொல்கிறாளாக்கும். எனக்கே அதில் விருப்பமில்லை. சரி என்றேன்.

லிஃப்டில் ஏழாம் மாடிக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. "ஸ்பெயினா ஆன்ட்டி? சூப்பர், என்ஜாய் பண்ணுங்க." என்ஜாய். பார்ப்போம்.

செப். 20, வெள்ளி

எழுதக் களைப்பு. சுருக்கமாக.

விமானம் சரி. ஜன்னல் பக்கம் மிக்கேல் எனக்கு விட்டுத் தந்தான். நல்ல பிள்ளை. கடல் மீன்களைப் பற்றி ஒஸ்லோவில் ஆராய்ச்சி. மூன்று வருடமாக அபியோடு இருக்கிறான். என்னை "மாமி" என்கிறான், அபி பழக்கிவிட்டது. மிச்சமெல்லாம் நோர்வேஜியன். என்னுடையதை விட அவன் உச்சரிப்பு திறம். வந்து ஐந்து வருடம்தான். நான் முப்பத்து நாலு.

பில்பாவோவில் இறங்கி, அவன் தகப்பனுடைய காரில் தொலோசா. மலை, சுரங்கப் பாதை, மலை. பச்சை. தூறிக்கொண்டே இருக்கிறது, மழையும் இல்லை வெயிலும் இல்லை.

தகப்பன் பெயர் இன்யாக்கி. பெரிய காது. தாய் அரான்ட்சா, என் வயதுதான் இருக்கும், குட்டையான வெள்ளைத் தலை. வாசலில் இரண்டு கன்னத்திலும் முத்தம். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னா. அபி முந்திக்கொண்டு, மிக்கேலிடம் பழகின ஸ்பானிஷில் பதில் சொன்னாள். என்ன சொன்னவ என்று கேட்டேன். "வந்தது சந்தோஷமாம்." அவ்வளவு நீளத்துக்கு அவ்வளவுதானா.

மூன்றாம் மாடி வீடு. சுத்தம் என்றால் சுத்தம். ஜன்னல் திரைச்சீலை தோய்த்த வாசம். இன்யாக்கி என்னை மேசைத் தலைமாட்டில் இருத்தினார். தண்ணீர் முதலில் எனக்கு, பாண் முதலில் எனக்கு. இவ்வளவு மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது. "லபொராத்தோரியோ" என்று ஒரு சொல் இரண்டு தரம் காதில் விழுந்தது. மிக்கேலின் ஆராய்ச்சியைப் பற்றியாக்கும்.

இரவுச் சாப்பாடு இந்த ஊரின் கறுத்த அவரைக் கொட்டை. அதற்குள் பன்றியும் இரத்தம் அடைத்த குடலும். வெள்ளிக்கிழமை. அபியைப் பார்த்தேன். "இண்டைக்கு ஒருநாள் சாப்பிடுங்கோவன் அம்மா." சாப்பிடவில்லை. பாணும், பச்சை மிளகாய்ப் பொரியலும். மிளகாய் என்று பேர், உறைப்பு இல்லை. முப்பது வருடமாக வெள்ளியில் மச்ச மாமிசம் தொடாதவள் நான் என்று அவளுக்குத் தெரியாதா? இவர்களுக்கு ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம். அரான்ட்சாதான் முகம் வாடிப்போய் என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனா.

இன்யாக்கி கேட்டார், மிக்கேல் மொழிபெயர்த்தான்: "ஒரு காலத்தில் எங்கள் மொழியைப் பேசத் தடை இருந்தது. உங்கள் ஆட்களுக்கும் அப்படி ஏதோ நடந்ததாமே?" நான் வாய் திறக்க முன் அபி, "மாமிக்குக் களைப்பு" என்று நோர்வேஜியனில் சொன்னாள். மாமி. அம்மா என்று கூடச் சொல்லவில்லை. அவன் சொல்லுகிற மாதிரி.

செப். 21, சனி

இன்றைக்கு முழுதாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே பிறகு மாற்றிச் சொல்லுவேன்.

புரட்டாதிச் சனி. வீட்டில் என்றால் தலை முழுகி, கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, ஒரு நேர மரக்கறிச் சாப்பாடு. இங்கே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று கும்பிட்டேன். அதோடு சரி.

ஒன்பதரைக்குச் சந்தை. ஆற்றோரமாக நீளமாகக் கூரை போட்ட மண்டபம். ஒரு பக்கம் சுவர், ஆற்றுப் பக்கம் திறந்து தூண்கள். தண்ணீர் கீழே மண் நிறத்தில் ஓடுகிறது. மேசை மேசையாகப் பண்ணைக்காரர். ஒரு மனுசியிடம் மொத்தமே நாலு முட்டைக்கோவாவும் ஒரு கூடை முட்டையும்தான். அதை வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறா. கூவி விற்கிறது இல்லை. கறுத்த அவரை சாக்குச் சாக்காக, அதற்குள் அளக்கிற மரச் சுண்டு ஒன்று. தக்காளி, ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு, கோணல் மாணலாக. காளான் கூடைகள். மண்ணைத் தூரிகையால் தட்டித் தட்டித் துடைக்கிறார்கள். ஆட்டுப்பால் சீஸ், புகை பிடித்தது, நுனியில் கீறித் தந்தார்கள். நல்லது. சோள மாவைத் தட்டிச் சுட்ட ரொட்டி, அதைச் சுடுகிற பெண்ணுக்கு விரல் நுனியெல்லாம் மா.

எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். அரான்ட்சா ஒரு அடி வைக்கிறதும் நிற்கிறதும். நிற்கிற இடமெல்லாம் என்னைக் காட்டி ஏதோ சொல்லுகிறா. சொன்னதும் அவர்கள் முகம் மாறுகிறது. தலையை ஆட்டுகிறார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறத்தியாரை இப்படி மதிக்கிற ஊரா என்று மனதுக்குள் மெச்சினேன். விசரி நான்.

மண்டபத்தின் கடைசியில் மீன் கடை. மீன் என்றால் பச்சை மீன் இல்லை. தொர்ஸ்க், நோர்வேக் கடலில் பிடித்து உப்பிட்டுக் காயவைத்தது. முழுசாகப் பலகை மாதிரி தொங்குகிறது. பக்கத்தில் தட்டுத் தட்டாகத் தண்ணீரில் ஊறின துண்டுகள், உப்புப் போனது, வெள்ளை வெளேர் என்று. தடித்த முதுகுத் துண்டுகள். இந்தச் சனத்துக்கு அது பெரிய விஷயம் என்று மிக்கேல் சொன்னான், கலியாண வீடு, பெருநாள் எல்லாவற்றுக்கும். கடைப் பலகையில் "நோருவேகா" என்று எழுதியிருந்தது. வாசித்தேன். பெருமையா என்ன என்று தெரியவில்லை.

பதினோரு வருடம் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்ஃபெஸ்ட் மீன் ஆலையில் இந்த மீனுக்குத்தான் நின்றேன். நானும் இவரும். நான் வெட்டுகிற வரிசையில், இவர் குளிர் அறையில். அபி பிறந்தது அங்கேதான். அவளுக்கு ஒன்பது வயதில்தான் ஒஸ்லோவுக்கு வந்தோம்.

அரான்ட்சா கடைக்காரியிடம் என்னைக் காட்டி நீளமாகச் சொன்னா. கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தடித்த துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, என் முன்னால் நீட்டினா. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

மிக்கேல் சிரித்துக்கொண்டு சொன்னான்: "மாமி, நீங்கள் ஹம்மர்ஃபெஸ்ட்டில் ஆய்வுகூடத்தில் மீனின் தரம் பரிசோதித்தவர் என்று அம்மா சொல்லிவிட்டார். முழுச் சந்தைக்கும் சொல்லிக்கொண்டு வருகிறார். இது எப்படி என்று உங்களிடம் கேட்கிறார்கள்."

எனக்கு நோர்வேஜியன் விளங்கவில்லையோ என்று நினைத்தேன். திரும்ப ஒருக்கா சொல்லச் சொன்னேன். சொன்னான். அதே சொல். ஆய்வுகூடம்.

அபியைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தெல்லாம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. சின்ன வயதில் கிளாசை உடைத்துவிட்டு நிற்கிற மாதிரி.

ஒரு வார்த்தை போதும். "இல்லைத் தம்பி, நான் கத்தி பிடிச்சு வெட்டினனான்." அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது.

துண்டை எடுத்து விரலால் அமத்தினேன். மணந்தேன். "நல்ல மீன்" என்றேன். "சரியாக உப்பிட்டிருக்கிறார்கள்." எவருக்கும் சொல்லத் தெரிந்ததுதான். கடைக்காரி தலையை ஆட்டினா, அரான்ட்சாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிறகு கடைக்காரி என் இடது பெருவிரலைப் பிடித்துப் பார்த்தா. குறுக்கே வெட்டுத் தழும்பு, பழசு. தன் விரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினா. அதே இடம், அதே தழும்பு. ஏதோ சொல்லிச் சிரித்தா.

"ஆய்வுகூடத்திலும் வெட்டுப்படுமோ என்று கேட்கிறா" என்றான் மிக்கேல்.

"மாதிரி எடுக்க வெட்டத்தானே வேண்டும்" என்றேன் நான். மாதிரி. எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? பொய் என்றால் இவ்வளவு சுலபமா? அபியின் தோள் இரண்டும் இறங்கினதைப் பார்த்தேன். மூச்சு விட்டாள்.

மிக்கேலும் தாய் தகப்பனும் சைடர் என்கிற ஆப்பிள் மது குடிக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் ஆற்றுப் பக்கத் தூணடியில்.

"தாங்ஸ் அம்மா."

அதுதான் முதல் வார்த்தை.

"எப்ப சொன்னனி?"

"முதல் நாளே. அவன் மீன் ஆராய்ச்சி எண்டு சொன்னான். அம்மாவும் மீன்தான் எண்டு சொன்னன். ஆய்வுகூடமோ எண்டு கேட்டான். ஓம் எண்டு வாயிலை வந்திட்டுது."

"மூண்டு வருசமா வாயிலை வந்துகொண்டே இருந்ததோ?"

"பேந்து எப்பிடி மாத்திறது?"

"மாத்த மனமில்லை எண்டு சொல்லு."

பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்களுக்குத் தெரியாது அம்மா. வீட்டிலை என்ரை குளிர் ஜாக்கெட்டும் மீன் மணக்கிற உங்கடை ஜாக்கெட்டும் ஒரே கொழுக்கியிலை தொங்கினது. வகுப்பிலை மூக்கைப் பொத்துவினம். ஒருத்தி என்ரை ஜாக்கெட்டைத் தடியாலை தூக்கி வெளியிலை போட்டவள். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"உன்ரை ஜாக்கெட்டை நான் ரெண்டு தரம் தோய்ச்சுக் காயப்போட்டனான். எலுமிச்சம்பழம் விட்டு. ஏன் தோய்ச்சனான் எண்டு நினைச்சனி?"

அழுதாள். நான் அழவில்லை. அவளைத் தொடவும் இல்லை. தொட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரம் கை போகவில்லை.

மத்தியானம் அந்த மீன்தான். மண் சட்டியில் ஒலிவ் எண்ணெய், உள்ளிப்பூண்டு, மீன். அரான்ட்சா சட்டியை அடுப்பின் மேல் வட்டமாக ஆட்டிக்கொண்டே நின்றா, கையோயும் வரைக்கும். மீனின் பசையும் எண்ணெயும் கலந்து வெள்ளையாகத் தடித்து வந்தது. முதல் துண்டு எனக்கு. நிபுணர் அல்லவா. புரட்டாதிச் சனி, மாட்டேன் என்று சொல்ல ஏலுமா? நேற்று இறைச்சியைத் தள்ளியாயிற்று. இன்றைக்கு மீன்காரி மீனையும் தள்ளினால் என்ன நினைப்பார்கள்?

தின்றேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தபடி.

நல்லாக இருந்தது. அதுதான் கோபம். பதினோரு வருடம் அந்த மீனை வெட்டின கை, ஒரு நாளும் இப்படித் தின்றதில்லை. வேலை முடிந்து வந்தால் மணமே பிடிக்காது, மரக்கறிதான். "மிகவும் நல்லது" என்றேன். இன்யாக்கி கை தட்டினார்.

செப். 22, ஞாயிறு

தூறல் விட்டது. மலை முழுக்கத் தெரிகிறது. நித்திரை இல்லை. சனீஸ்வரனையும் இழுத்துப் பொய்க்குள் விட்டாயிற்று.

காலை பத்து மணி. குசினியில் நானும் அரான்ட்சாவும். நேற்று வாங்கின பச்சை மிளகாய்க்குக் காம்பு ஒடித்துப் போத்தலில் அடுக்கி வினாகிரி ஊற்ற வேண்டும். பாஷை இல்லை. அவ ஒரு கைப்பிடி, நான் ஒரு கைப்பிடி. அவ வேகம். நானும் வேகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், போட்டி மாதிரி ஆகிவிட்டது. சிரித்தோம். என் விறைத்த விரல்களைப் பார்த்துவிட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தா. கேட்காமலே. கன காலமாக யாரோடும் இப்படிச் சும்மா இருந்து வேலை செய்யவில்லை.

மிக்கேலும் அபியும் வந்து மேசையில் இருந்தார்கள். அரான்ட்சா தன் கையைக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னா. மிக்கேல் மொழிபெயர்த்தான்.

"அம்மா முப்பது வருடம் இந்த ஊர்க் காகித ஆலையில் வேலை. தாள்களைப் பிரித்து எண்ணி அடுக்குகிற வேலை. அதனால்தான் கை வேகம் என்கிறா. அந்த ஆலை இப்போது இல்லை."

நான் தலையாட்டினேன்.

அரான்ட்சா இன்னும் சொன்னா. மிக்கேல் சிரித்தான். "நீங்கள் வருகிறீர்கள் என்றதும் அம்மாவுக்குப் பயமாம். ஆய்வுகூடத்தில் இருந்த படித்த மனுசி, தான் காகித ஆலைக்காரி, எதைப் பேசுவது என்று. ஜன்னல் சீலையெல்லாம் தோய்த்தாவாம். உங்களைப் பார்த்த பிறகுதான் பயம் போனதாம்."

அரான்ட்சா என்னைப் பார்த்து நிற்கிறா. கையில் மிளகாய். என்ன முகம் அது. ஒளிக்க ஒன்றும் இல்லாத முகம்.

இப்போது சொல்லலாம். நானும் உன்னைப் போலத்தான், வரிசையில் நின்றவள்தான் என்று. நேற்றுச் சந்தையில் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த மனுசிக்கும் எனக்கும் எவ்வளவு பேச இருந்திருக்கும். மேற்பார்வைக்காரன்களைப் பற்றியே ஒரு நாள் பேசலாம். இன்று சொன்னால் நேற்று நான் முழுச் சந்தைக்கு முன்னால் பொய் சொன்னவள். அபி மட்டும் இல்லை, நான். அந்தத் தட்டை மணந்து பார்த்ததும் நான்தான்.

அபி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் சீலை வடிவாக இருக்கிறது என்று சொல்லும் தம்பி" என்றேன்.

சொன்னான். அரான்ட்சா சந்தோஷப்பட்டா. அவ்வளவுதான். பிறகு நான் மெதுவாகக் காம்பு ஒடித்தேன். படித்தவர்கள் மெதுவாகத்தானே செய்வார்கள்.

செப். 23, திங்கள்

திரும்பி வந்தாயிற்று.

விடியற்காலை புறப்பாடு. அரான்ட்சா ஒரு பை அவரைக் கொட்டை, ஒரு போத்தல் மிளகாய், ஒரு துண்டு சீஸ் தந்தா. இரண்டு கன்னத்திலும் முத்தம், பிறகு ஒரு கட்டிப்பிடி. மே மாதம் கலியாணத்துக்கு வர வேண்டும், வீட்டிலேயே தங்க வேண்டும், ஹோட்டல் கூடாது. இவருடைய பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பழகினா. பணியாரத்தை இன்யாக்கி மட்டும் ஐந்து தின்றாராம். சீஸைத் திறக்கவே இல்லை.

பில்பாவோவில் மிக்கேல் கோப்பி வாங்கப் போன நேரம் அபியிடம் கேட்டேன்.

"அவ மில்லிலை வேலை செய்தவ எண்டு உனக்கு முந்தியே தெரியும்தானே?"

"ஓம்."

"அவன் அதைச் சொல்ல வெக்கப்பட்டவனோ?"

"இல்லை."

"பிறகு உனக்கு ஏன்?"

கன நேரம் யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கவில்லை, அது தெரிந்தது.

"அது வேறை அம்மா. அவை தங்கடை ஊரிலை செய்தவை."

அவள் சொன்னதில் ஏதோ சரி இருக்கிறது. அதுதான் கசக்கிறது. அந்த மனுசி முப்பது வருடம் நின்ற ஆலை இருந்த இடத்துக்கு முன்னால் இன்றைக்கும் நடந்து போகிறா, சனம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஹம்மர்ஃபெஸ்ட்டில் என் பேரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. "நீ, அங்கே, மூன்றாவது" என்பான் மேற்பார்வைக்காரன்.

விமானத்தில் அபி என் தோளில் சாய்ந்து நித்திரை. பாரம். அசையாமல் இருந்தேன். மூன்று மணித்தியாலம். கோபத்தோடு தோளைக் கொடுத்துக்கொண்டு இருக்கலாம் என்று இன்றுதான் தெரியும்.

ஒஸ்லோ ஸ்டேஷனில் அவர்கள் ஒரு பக்கம், நான் பானே என்கிற சுரங்க ரயில் பிடித்து ஃபுருசெத் வீட்டுக்கு. இவர் சோறும் பருப்பும் வைத்துவிட்டு இருந்தார்.

"எப்பிடிச் சனம்?"

"நல்ல சனம்."

"பிள்ளையை வடிவாப் பாப்பினமோ?"

"ஓம்."

சீஸைச் சாப்பிட்டுப் பார்த்தார். புகை மணம் என்றார்.

செப். 25, புதன்

வெயில், ஆனால் குளிர். கை மோசம். டாக்டருக்கு நேரம் எடுக்க வேண்டும்.

தமிழ்க் கடையில் கமலாக்கா. ஹம்மர்ஃபெஸ்ட்டில் என் பக்கத்து மேசை, இங்கே பக்கத்து புளொக். எல்லாம் கேட்டாக வேண்டும்.

"சம்பந்தி என்ன வேலையாம்?"

"பேப்பர் மில்லிலை நிண்டவ."

"ஓ." கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நான் நினைச்சன் அவன் படிச்ச பெடியன் எண்டபடியாத் தாய் தேப்பனும் ஏதும் பெரிய ஆக்களாக்கும் எண்டு."

"நீங்களும் நானும் பெரிய ஆக்களோ அக்கா?"

"நாங்கள் வேறை வழியில்லாமல் செய்தது."

அபி சொன்னதைத்தான் இவவும் சொல்லுகிறா, வேறு பக்கத்தால். கமலாக்காவின் மகன் தன் தாயை என்ன உத்தியோகத்தில் விட்டிருக்கிறானோ. கேட்கவில்லை. முருங்கைக்காய் வந்திருந்தது, வாடல். வாங்கவில்லை.

செப். 27, வெள்ளி

இந்த வெள்ளி ஒழுங்காக மரக்கறி. பூசணி, பருப்பு, அவரைக் கொட்டையை ஊறவைத்து நம் முறையில் தாளித்தேன். இவர் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

அபி போன். மே மாதம் தொலோசாவில் பதிவு, விருந்து. ஜூனில் இங்கே கோயிலில் தாலி. அரான்ட்சாவும் இன்யாக்கியும் அதற்கு வருவார்கள். எல்லாம் முடிவாகிவிட்டது. நீலச் சேலை கட்டலாமாம், அரான்ட்சாவுக்கு ஆசையாம். சந்தோஷமாகக் கதைத்தாள். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டேன். கடைசியில்:

"அம்மா, அப்பாட்டை ஒருக்காச் சொல்லி வையுங்கோ."

"என்னத்தை?"

"தெரியும்தானே. அங்கை போய்ப் பழைய வேலைக் கதை எடுத்தாரெண்டால்."

"நீயே சொல்லு."

"எனக்கு ஏலாது. நீங்கள் சொன்னால் அவர் ஒண்டும் யோசிக்க மாட்டார்."

"மிக்கேலுக்கு உண்மையைச் சொல்லிப் போட்டுக் கட்டு பிள்ளை. அவன் கோவிக்கிறவன் இல்லை."

"அவன் கோவிக்க மாட்டான் எண்டு எனக்கும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் பாவம் பாப்பான். அது எனக்கு வேண்டாம்."

வைத்துவிட்டாள். பாவம் பார்க்கிறது. ஓம், அதுவும் எனக்குத் தெரியும். நோர்வேயில் முதல் பத்து வருடம் நாங்கள் அதைத்தான் தின்று வளர்ந்தது.

செப். 29, ஞாயிறு

மழை. இவருக்கு இன்று வேலை இல்லை. கதிரை ஒன்றின் கால் ஆடுகிறது என்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் இவரிடம் சொல்லாமல் இரண்டு நாளாகத் தள்ளிப் போட்டது. இனி ஏலாது என்று பக்கத்தில் போய் இருந்து முழுவதையும் சொன்னேன். சந்தை, கடைக்காரி, ஆய்வுகூடம், மாதிரி எடுக்கிறது, அரான்ட்சா, ஜன்னல் சீலை. அபி கேட்டதையும்.

ஆணியை அடித்து முடித்தார். கதிரையை நிமிர்த்தி ஆட்டிப் பார்த்தார். சரியாகிவிட்டது.

"உம்மை ஆய்வுகூடத்திலை விட்டவள். என்னை எங்கை விட்டவளாம்?"

கேட்டு வைக்கவில்லை நான். அங்கேயே போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். தகப்பன் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றுதான்.

"அப்பாவை என்ன வேலை எண்டு அவைக்குச் சொன்னனி?"

தெருவில் எங்கேயோ நடக்கிறாள், காற்றுச் சத்தம் மட்டும்.

"அப்பாவைப் பற்றி அவை கேக்கேல்லை அம்மா. நானும் சொல்லேல்லை."

போனை நிறுத்தினேன். இவர் அவளை ஏசுவார், அல்லது என்னை ஏசுவார், அல்லது கலியாணத்துக்கு வரவே மாட்டேன் என்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசினால் நல்லது என்று இருந்தது.

சுத்தியலைப் பெட்டியில் வைத்து மூடினார். கை கழுவிவிட்டு வந்தார்.

"கேக்காதது நல்லதாப் போச்சு. அப்ப இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை."

"என்ன கதை கதைக்கிறியள்?"

"இல்லை, யோசிச்சுப் பாரும். இந்த நாட்டுக்குள்ளை வரேக்கை ஏஜென்சிக்காரன் அகதி விசாரணையிலை சொல்ல ஒரு கதை சொல்லித் தந்தவன். உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டாங்கள் எண்டு. ஊர் பேர் எல்லாம் மாத்தி. ரெண்டு கிழமை இருந்து பாடமாக்கினனான். இண்டைக்கும் கேட்டால் பிழையில்லாமல் சொல்லுவன்."

சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மே மாதத்துக்கு இன்னும் கன நாள் கிடக்கு. நீரும் பிள்ளையும் கதைச்சு ஏதும் நல்ல உத்தியோகமா ஒண்டு சொல்லுங்கோ, பாடமாக்கிறன். மீன் மட்டும் வேண்டாம்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆணி அடித்த கதிரையில் இருந்தார்.